430 அர்த்தங்களும் ஒரு அடைக்கோழியும்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பார்வர்ட் வந்தது. 'ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் எது தெரியுமா? மூன்றே எழுத்து: செட். மொத்தம் 430 அர்த்தங்கள்!' பக்கத்தில் தலை வெடிக்கிற பொம்மை ஒன்று. பெரியப்பா சும்மா இருப்பாரா? 'தமிழில் யானைக்கு மட்டும் எத்தனை பெயர் தெரியுமா?' என்று பதில் போட்டுவிட்டார். அப்புறம் அரை நாள் தமிழா ஆங்கிலமா என்று ஒரே பட்டிமன்றம்.

நான் அதைத் தாண்டிப் போயிருப்பேன். ஆனால் ராத்திரி அக்கா மகள் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் வழியிலிருந்து இந்த வருடம்தான் ஆங்கில வழிக்கு மாறியவள். 'மாமா, ஒரு வார்த்தைக்கே 430 அர்த்தம்னா மத்ததெல்லாம் எப்ப படிச்சு முடிக்கிறது?'

அவளுக்கு உடனே சொன்ன பதில் சுமாரான பதில். இது கொஞ்சம் யோசித்து எழுதியது. இந்த 430 என்கிற எண் பொய்யில்லை. ஆனால் அது எதை எண்ணுகிறது என்பதை மறைத்துவிட்டு ஊர் சுற்றுகிறது.

அந்த எண் எங்கிருந்து வந்தது?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலிருந்து. 1884-ல் அதன் முதல் பகுதி வெளிவந்தது, 1928-ல் வேலை முடிந்தது. ஜேம்ஸ் மர்ரேதான் அதன் பெயர் பெற்ற ஆசிரியர் என்றாலும் எஸ் எழுத்தில் 'செட்' வருகிற பகுதியைப் பார்த்துக்கொண்டவர் ஹென்றி பிராட்லி. பல நாட்டு வாசகர்கள் புத்தகங்களைப் படித்து, ஒரு சொல் வருகிற வாக்கியத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அந்தக் காகிதங்களை மேசையில் பரப்பி 'இது இந்தக் குவியல், அது அந்தக் குவியல்' என்று பிரிப்பதுதான் ஆசிரியர் குழுவின் வேலை. ஒவ்வொரு குவியலும் ஒரு பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.

1989-ல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லின் பதிவு சுமார் 60,000 சொற்கள் நீளம். ஒரு குட்டி நாவல் அளவு. அதில் தனி வினைக்கு 430 பொருள்கள். 'செட் அப்', 'செட் ஆஃப்', 'செட் அவுட்' மாதிரி சேர்க்கைகளையும் மரபுத்தொடர்களையும் கூட்டினால் சுமார் 580.

அதாவது பார்வர்டில் வருவது 1989-ன் கணக்கு. அகராதியின் மூன்றாம் பதிப்புக்காகச் சொற்களைத் திருத்தத் தொடங்கியபோது 2000-ல் 'மேக்' செட்டை முந்தியது. 2007-ல் 'புட்'. 2011-ல் 'ரன்' 645 பொருள்களோடு எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. 'ரன்' என்ற அந்த ஒரு வினையைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் ஒன்பது மாதம் உழைத்தார். ஒரு சொல்லுக்கு ஒரு பிள்ளைப்பேறு காலம்!

இந்தத் தலைவலி அவர்களுக்கு முந்தியே தொடங்கியதுதான். 1755-ல் தன் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், 'டேக்' என்ற வினைக்கு மட்டும் 134 பொருள்கள் கொடுத்தார். முன்னுரையில் தன்னைப் படுத்தி எடுத்த சொற்கள் என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். செட், புட், ரன், மேக் எல்லாம் அதில் உண்டு. பட்டியலைப் பாருங்கள், ஒன்றுகூட பண்டிதச் சொல் கிடையாது. எல்லாம் நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்.

குவியல் பிரிப்பவரின் கை

அகராதி எழுதுபவர்களில் இரண்டு சாதி உண்டு என்று அந்தத் துறையில் வேடிக்கையாகச் சொல்வார்கள்: சேர்ப்பவர்கள், பிரிப்பவர்கள். ஒரே காகிதக் கட்டை ஒருவர் ஐந்து குவியலாகவும் இன்னொருவர் ஐம்பது குவியலாகவும் பிரிக்கலாம். இருவரும் பொய் சொல்லவில்லை.

இதற்கு மொழியியலாளர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். தமிழிலேயே செய்து பார்ப்போம். 'மேசை மேல் தட்டையும் தம்ளரையும் வைத்தார்.' சரியாக இருக்கிறது. 'ஊருக்கு வந்து கடையையும் மீசையையும் வைத்தார்.' சிரிப்பு வருகிறதா? அப்போ கடை வைப்பதும் மீசை வைப்பதும் வேறு வேறு பொருள். ஆங்கிலத்தில் கல்யாணத் தேதியையும் சம்பளத்தையும் ஒரே 'செட்'டில் சொல்லலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். தேதியையும் சாப்பாட்டு மேசையையும் ஒரே 'செட்'டில் சொன்னால் சிரிப்பார்கள். சரி, அலாரத்தையும் எலிப்பொறியையும்? அரைச் சிரிப்புதான் வரும். இரண்டும் நேரம் வந்தால் தானாக அடிக்கும்படி தயார் செய்துவைக்கிற வேலை. இதை ஒன்று என்பதா, இரண்டு என்பதா? இந்த இடத்தில் ஆசிரியரின் பேனாதான் முடிவு செய்கிறது. 430-ல் இப்படிப்பட்ட முடிவுகள் ஏராளம்.

கணினி வழியே சொற்களை ஆராய்ந்த ஆடம் கில்காரிஃப் 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே, சொற்பொருள்கள் என்ற ஒன்றில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதுதான். அவருடைய வாதம் எளிமையானது. நம்மிடம் உண்மையில் இருப்பவை பயன்பாடுகள். அவற்றைக் கட்டு கட்டாகக் கட்டுவது ஒரு வேலைக்காக. வேலை மாறினால் கட்டும் மாறும். பள்ளி மாணவருக்கு அகராதி செய்பவரின் கட்டு ஒன்று, மொழிபெயர்ப்பு மென்பொருள் செய்பவரின் கட்டு வேறொன்று.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் வேலை என்ன? ஆயிரம் வருட ஆங்கில நூல்களில் ஒரு சொல் எங்கெங்கே எப்படி வந்தது என்று பதிவு செய்வது. அதனால் பொருள்களைப் பொதுவாகப் பழமையின் வரிசையில் தருகிறது. முதலில் நிற்கிற பொருள் இன்று யாரும் பேசாததாகக்கூட இருக்கலாம். வழக்கொழிந்தவை, கப்பலோட்டிகள் மட்டும் சொன்னவை, ஒரு வட்டாரத்தில் மட்டும் இருந்தவை எல்லாம் அந்த 430-க்குள் அடக்கம். அது சொல்லின் சுயசரிதை. ஒரு ஆங்கிலேயரின் தலைக்குள் 430 டப்பாக்கள் இருக்கின்றன என்று அந்த அகராதி எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பார்வர்ட்.

அடைக்கோழி

அப்போ 'செட்'டின் நடுவில் என்ன இருக்கிறது?

தமிழில் 'உருள் – உருட்டு', 'திரும்பு – திருப்பு', 'நட – நடத்து' என்று ஜோடிகள் உண்டு அல்லவா? முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது நடக்க வைப்பது. பழைய ஆங்கிலத்திலும் இப்படி ஜோடிகள் இருந்தன. விழு என்ற 'ஃபால்' – மரத்தை வெட்டி விழச் செய்கிற 'ஃபெல்'. கிட என்ற 'லை' – கிடத்து என்ற 'லே'. அந்த வரிசையில்தான் 'சிட்' – 'செட்'. சிட் என்றால் உட்கார், செட் என்றால் உட்கார வை. 'இரு – இருத்து', 'அமர் – அமர்த்து' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

எனக்கு இது உறைத்தது ஒரு கோழியால். ஆங்கிலக் கிராமத்துப் பேச்சில் கோழியை முட்டை மேல் உட்கார வைப்பதற்கு 'செட்' என்றுதான் சொல்வார்கள். அடைக்கு வைத்த ஒரு ஈடு முட்டைக்கு 'செட்டிங்' என்று பெயர். எங்கள் ஆச்சி என்ன சொல்வாள்? 'கருப்புக் கோழியை அடை வச்சிருக்கேன், அந்தப் பக்கம் போகாதே.' அடை வைப்பது, அடை உட்காருவது. இரண்டு மொழியும் ஒரே படத்தைத்தான் பார்க்கின்றன.

இந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றவற்றைப் பாருங்கள். மோதிரத்தில் கல்லை செட் செய்வது: கல்லை அதன் குழியில் உட்கார வைப்பது. முறிந்த எலும்பை செட் செய்வது: எலும்பை அதன் இடத்தில் உட்கார வைப்பது. அச்சகத்தில் எழுத்துகளை செட் செய்வது: வரிசையில் உட்கார வைப்பது. அலாரம்: முள்ளை ஓர் இடத்தில் நிறுத்துவது. தேதி, விலை: ஓடிக்கொண்டிருப்பதை ஓரிடத்தில் நிறுத்துவது. சூரியன் செட் ஆகிறது: அடிவானத்தில் போய் உட்காருகிறது. சிமெண்ட், ஜெல்லி: அலைந்துகொண்டிருந்தது ஆடாமல் உட்கார்ந்துவிட்டது.

எல்லாவற்றையும் இந்த ஒரே படத்துக்குள் திணிக்க முடியாது. பயணம் கிளம்புவதற்கும் 'செட் அவுட்' என்கிறார்களே, அதில் உட்காருவது எங்கே? அங்கே பக்கத்திலிருக்கும் ஒட்டுச்சொல்தான் பாதிப் பாரத்தைச் சுமக்கிறது. அவற்றைத் தனித்தனியாகப் பழகத்தான் வேண்டும். ஆனால் அன்றாடம் பேசப்படுகிற செட்டில் பெரும்பகுதி இந்தக் கோழியின் குஞ்சுகள்தான்.

ஒரு செட்டா, இரண்டா?

இன்னொரு விஷயத்தையும் பார்வர்ட் மறைக்கிறது. 'செட்' ஒரே சொல் இல்லை.

ஆறு தம்ளர் கொண்ட ஒரு செட், நகை செட் என்கிறோமே, அந்தத் தொகுதி என்ற பொருள் வேறு வழியில் வந்தது. லத்தீனில் 'செக்டா' என்ற சொல். பின்பற்றுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது, பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்தது. மதப்பிரிவு என்று பொருள்படுகிற 'செக்ட்' வந்ததும் இதிலிருந்துதான். இது பழைய பிரெஞ்சில் 'செட்' என்று தேய்ந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு 'செட்' உட்கார்ந்திருந்தது. ஒலி ஒன்றானதால் ஒன்றின் சாயம் மற்றதில் ஏறிவிட்டது. இன்று ஆங்கிலம் பேசுபவருக்கே இவை இரண்டு என்று தெரியாது.

கணிதத்தில் வரும் செட் இந்த இரண்டாவதுதான். கியோர்க் கான்ட்டர் ஜெர்மனில் 'மெங்கே' என்று எழுதியதை ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் 'அக்ரிகேட்' என்றும் மொழிபெயர்த்தார்கள். கடைசியில் நிலைத்தது செட். அதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'கணம்' என்கிறது, இலங்கைப் பாடநூல் 'தொடை' என்கிறது. ஒன்று கூட்டம், இன்னொன்று தொடுத்த மாலை. இரண்டுமே நல்ல தேர்வு. இரண்டுமே அடைக்கோழியைத் தொடாமல் 'செக்டா'வைச் சரியாகப் பிடித்திருக்கின்றன.

நம்ம ஊர் செட்

இப்போது தமிழ்நாட்டுத் தெருவுக்கு வாருங்கள். இங்கே செட்டுக்கு ஆங்கிலேயர் அனுமதி தேவைப்படவில்லை.

மைக்செட், பம்ப்செட், பல்செட். ஓட்டலில் செட் தோசை, ஒரு செட் பூரி. 'அவன் எங்க செட்டு' என்றால் எங்களோடு படித்தவன். இவையெல்லாம் செக்டாவின் வாரிசுகள். சினிமாவில் செட் போடுவது, 'தேதி செட் ஆயிடுச்சு', 'கான்கிரீட் செட் ஆகட்டும்' எல்லாம் கோழியின் வாரிசுகள். 'செட்டப்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் நல்லதுக்கும் சொல்வார்கள், கெட்டதுக்கும் சொல்வார்கள். நாம் அதைப் பெரும்பாலும் போலி ஏற்பாட்டுக்கே ஒதுக்கிவிட்டோம்.

சுவாரசியமானது 'செட் ஆகல'. 'இந்தச் சட்டை உனக்கு செட் ஆகல', 'அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது.' ஒத்துவரவில்லை என்று பொருள். இன்றைய ஆங்கிலத்தில் ஒருவரிடம் போய் இப்படிச் சொன்னால் விழிப்பார். இதைத் 'தப்பு இங்கிலீஷ்' என்று ஆசிரியர்கள் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வெப்ஸ்டர் அகராதியின் 1913 பதிப்பில், கோட் உடம்பில் பாந்தமாக அமைவதற்கு 'செட்' சொல்லப்பட்டது பதிவாகியிருக்கிறது. நம் ஆட்கள் யாரும் அந்த அகராதியைப் படித்துவிட்டுப் பேசவில்லை. எங்கள் தெரு தையல்காரர் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, 'தோள்ல நல்லா உக்காருது சார்' என்பார். உட்காருகிற படம் அவரிடமும் இருக்கிறது. அந்தப் படம் இருக்கும் இடத்தில் அதே பொருள் மறுபடி தானாக முளைக்கும். இதற்கு அகராதி எண் கொடுக்கிற வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு சின்னத் தகவல். தமிழிலேயே ஒரு 'செட்டு' இருக்கிறது. சிக்கனம் என்று பொருள். கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள் என்றால் அது ஆங்கிலக் கடன் இல்லை, சொந்தச் சொல்.

'வை'யை யார் எண்ணினார்கள்?

பெரியப்பாவின் யானைக்கு வருகிறேன். ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பதும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதும் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை. ஆங்கிலத்தின் செட்டுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டியது நம் 'வை'யைத்தான்.

தட்டை வை. தீ வை. பொறி வை. விலை வை. பெயர் வை. குழம்பு வை. பொட்டு வை. கடை வை. மீசை வை. பந்தயம் வை. பரீட்சை வை. அலாரம் வை. ஆசை வை. மனசு வை. கண் வை. ஐஸ் வை. ஆப்பு வை. இதோடு முடியவில்லை. 'சிரிக்க வை' என்று இன்னொரு வினையோடு சேர்ந்தால் செய்யத் தூண்டுவது. 'எழுதி வை' என்றால் பின்னால் உதவும் என்று முன்கூட்டியே செய்வது. 'உளறி வைக்காதே' என்றால் எரிச்சல். செட்டுக்கு இந்த இலக்கண வேலையெல்லாம் கிடையாது.

இதை வைத்து 'பார்த்தாயா, நாம்தான் ஜெயித்தோம்' என்று நான் சொல்ல வரவில்லை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த தமிழ் லெக்சிகனும் எண் போட்டுத்தான் பொருள்களைப் பிரிக்கிறது. நமக்கு அந்த எண் நினைவில் இல்லை, தேவையும் படவில்லை. ஏன்? 'வை' நமக்குப் பழக்கம். பழக்கமான சொல்லில் நாம் பொருள்களை எண்ணுவதில்லை, நேராகப் புழங்குகிறோம். வெளியிலிருந்து வருபவருக்குத்தான் அது மலையாகத் தெரிகிறது. தமிழ் கற்கிற ஒரு ஆங்கிலேயச் சிறுமி 'வை'யைப் பார்த்து இதே கேள்வியைத்தான் கேட்பாள்.

ஒரு கையேடும் ஒரு மேஸ்திரியும்

பல வருடங்களுக்கு முன் டைல்ஸ் ஒட்டும் கலவை ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கினேன். 24 மணி நேரம் 'செட்' ஆக விட வேண்டும் என்று ஒரு வரி. கையில் இருந்த ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் திறந்தேன். வை, அமை, நிறுவு, பதி, பொருத்து என்று வரிசையாக, நடுவில் அரைப்புள்ளி போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் கூட இல்லை. கௌரவமாக இருக்கட்டும் என்று '24 மணி நேரம் அமைய விடவும்' என்று எழுதினேன். அச்சாகி வந்த பிரதியை வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் பெருமையாகக் காட்டினேன். வாசித்துவிட்டுக் கேட்டார்: 'அமையறதுக்கு இது என்ன சார், வரனா? செட் ஆகட்டும்னு போடுங்க. இல்லைன்னா இறுகட்டும்னு போடுங்க.'

என் அவசரம்தான் முதல் குற்றவாளி. ஆனால் அந்த அரைப்புள்ளிப் பட்டியலுக்கும் பங்கு உண்டு. அது தமிழில் பத்துச் சொல் தருகிறது, எது எங்கே என்று சொல்வதில்லை. சிமெண்ட் என்றால் இறுகும், தயிர் என்றால் உறையும், கல் என்றால் பதியும், சூரியன் என்றால் மறையும். பொருளைத் தீர்மானிப்பது பக்கத்தில் நிற்கிற சொல். 1992-ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் கொடுத்தது. நம் மாணவர்கள் கையில் இருக்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் பலவற்றுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. அரைப்புள்ளிப் பட்டியலும் 430 பார்வர்டும் ஒரே தவறைச் செய்கின்றன: சொல்லை அது புழங்கும் இடத்திலிருந்து பிடுங்கி எடுத்து எண்ணுகின்றன.

அக்கா மகளுக்கு இப்படி எழுதினேன். 430-ஐ விடு. 'உட்கார வை' என்ற படத்தை மனசில் வச்சுக்கோ. தொகுதி என்கிற செட் வேறு ஆள், அதையும் தெரிஞ்சுக்கோ. அப்புறம் படிக்கிற பாடத்தில் செட் வரும்போதெல்லாம் பக்கத்தில் என்ன சொல் நிற்குதுன்னு பார்த்து, அந்த முழு வாக்கியத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கோ. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரங்க செஞ்ச வேலையும் அதுதான்.

நேற்று நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பதினோரு வாக்கியம் சேர்ந்திருக்கிறது. கடைசி வாக்கியம் பாடப்புத்தகத்தில் இல்லாதது, அவளே எழுதியது. ஆச்சி வீட்டுக் கோழியைப் பற்றி.